கைத்தொலைபேசியின் சூடு

ஒரு பொருள் தானே சூடேறுகிறதென்றால், அதனுள்ளே ஏதோவொரு வேலை நடைபெறுகிறது என்று கொள்ளலாம். மாத்தளைப் பகுதியிற் கொக்கோ பயிரிடுவோர் இதனை நன்கறிவர். பழத்தினின்றும் எடுத்த ஈரமான விதைகளைக் குவித்து வாழையிலையால் மூடிவைத்தால், இரண்டொரு நாளில் அக்குவியலின் நடுப்பகுதி 45 பாகை செல்சியஸுக்கும் மேலாகச் சூடேறிவிடும். அங்கே நெருப்புமில்லை, வெயிலுமில்லை. நுண்ணுயிர்கள் விதையைப் புளிக்கச் செய்யும்போது எழும் வெப்பமே அது. அவ்வெப்பம் அளவோடு இருந்தாற்றான் கொக்கோவுக்கு மணமும் நிறமும் உண்டாகும். அளவு மிஞ்சினால் விதை கெடும். ஆதலினாற்றான் குவியலை இடையிடையே கிளறிவிடுகிறார்கள். வெப்பத்தை அறவே விலக்குவது அவர்கள் நோக்கமன்று. அதற்கு வெளியேற ஒரு வழி செய்துகொடுப்பதே நோக்கம்.

இன்று பெரும்பாலானோர் கையிலும் பையிலும் வைத்துத் திரியும் கைத்தொலைபேசியின் மின்கலமும் ஏறத்தாழ இத்தகையதே. முன்னர் நான்கைந்து மணி நேரம் எடுத்த மின்னேற்றம் இப்பொழுது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கருவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பவர் அதன் சூட்டை உணர்ந்து திடுக்கிடுகிறார். இந்தச் சூடு இயல்பானதா? கருவிக்குக் கேடு செய்யுமா? வெடித்துத் தீப்பற்றுமோ? இவ்வினாக்கள் இன்று நகரத்தாரிடத்தில் மட்டுமன்றித் தோட்டப்புறங்களிலும் எழுகின்றன.

எழுவதும் நியாயமே. மாத்தளை மாவட்டத்தில் கைத்தொலைபேசி பொழுதுபோக்குக் கருவி மட்டுமன்று. 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கத்தரிக்காய்க்கும் பூசணிக்கும் அன்றைய விலை என்னவென்று கமக்காரன் தோட்டத்தில் நின்றபடியே அறிந்துகொள்வது இக்கருவியினாலேயே. 2020ஆம் 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றினால் பாடசாலைகள் பூட்டப்பட்டிருந்தபோது, மாணவர் பலருக்கு வகுப்பறையாக இருந்ததும் இதுவே. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. அவ்வாண்டு யூலை முதல் எரிபொருள் பெறுவதற்கான குறியீட்டுச் சதுரத்தைப் பலர் தம் கைத்தொலைபேசியிலேயே வைத்திருந்தனர். 2025 நவம்பரில் வீசிய டித்வா சூறாவளியின்போது, மாத்தளை உள்ளிட்ட மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் அகப்பட்டவர்கள் உறவினருக்குச் செய்தி அனுப்ப நம்பியிருந்த கருவியும் இதுவே. இத்தகைய வேளைகளில், கிடைக்கின்ற சொற்ப நேர மின்சாரத்தில் மின்கலத்தை நிரப்பிக்கொள்ளவேண்டியிருக்கிறது. ஆகவே விரைவு மின்னேற்றம் என்பது வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

இனி, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதை நோக்கலாம்.

நீரோட்டத்தை அறிந்தவர்களுக்கு மின்னோட்டத்தை விளக்குவது எளிது. மாத்தளை மாவட்டம் இவ்விரண்டும் சந்திக்கும் இடமாகும். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாக மலையைக் கடந்து உக்குவளை மின்நிலையத்துக்கு வருகிறது. 1976ஆம் ஆண்டு முதல் அங்கு மின்சாரம் பிறக்கிறது. அங்கிருந்து சுது கங்கை, அம்பன் கங்கை வழியே சென்று போவதென்னையில் மீண்டும் சுழலிகளைச் சுற்றுகிறது. அந்நீர் ஒரு குறுகிய குழாயில் மெல்லச் செல்லும்போது உராய்வு குறைவு. அதே குழாயிற் பன்மடங்கு நீரைத் தள்ளினால் உராய்வினால் இழக்கப்படும் சக்தி மிகமிகப் பெருகும். மின்னோட்டமும் அவ்வாறே. எந்தக் கடத்தியிலும் ஓரளவு தடையுண்டு. தடையைக் கடந்து செல்லும் மின்னோட்டம் வெப்பத்தை விட்டுச்செல்லும். இதனை 1840ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து வகுத்தவர் யேம்ஸ் யூல் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. மின்னோட்டத்தை இருமடங்காக்கினால் வெப்பம் இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. ஐந்து மடங்காக்கினால் 25 மடங்காகிறது. விரைவு மின்னேற்றத்தின் சிக்கல் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கிக் கிடக்கிறது.

ஓர் உதாரணம் கொள்ளலாம். இன்றைய கருவிகள் பலவற்றில் 5000 மில்லி அம்பியர் மணிக் கொள்ளளவுள்ள மின்கலம் இருக்கிறது. 1 அம்பியர் வீதம் செலுத்தினால் அது நிறைய 5 மணி நேரமாகும். 5 அம்பியர் வீதம் செலுத்தினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். நேரம் ஐந்திலொன்றாகச் சுருங்கியது. ஆனால் ஒவ்வொரு கணத்திலும் எழும் வெப்பமோ 25 மடங்காயிற்று. முடிவில் மொத்தமாகச் சேரும் வெப்பம் ஐந்து மடங்கு. அந்த ஐந்து மடங்கு வெப்பமும் ஐந்திலொரு பங்கு நேரத்துள் வெளியேற வேண்டும். கைத்தொலைபேசிக்கு விசிறியில்லை, காற்றுத் துவாரமில்லை. கண்ணாடியாலும் உலோகத்தாலும் ஆன அதன் மேற்பரப்பொன்றே வெப்பம் வெளியேறும் வாயில். அவ்வாயிலால் எளிதில் வெளியேறக்கூடியது சில வாற்று வெப்பம் மட்டுமே. எஞ்சியது உள்ளே தங்கும். தங்கினாற் சூடு ஏறும்.

இனி மின்கலத்தின் அகத்தைச் சற்றே திறந்து பார்த்தால், வெப்பம் அங்கே என்ன செய்கிறது என்பது தெளிவாகும். இலிதியம் அயன் மின்கலம் எனப்படும் இது 1991ஆம் ஆண்டில் யப்பான் நாட்டிற் சோனி நிறுவனத்தால் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய யோன் குடினஃப், ஸ்டான்லி விற்றிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதன் ஒரு பக்கத்தில் இலிதியமும் கொபாற்று முதலிய உலோகங்களும் கலந்த ஒட்சைட்டுப் பூச்சு. மறுபக்கத்தில் காரீயப் பூச்சு. இடையில் நுண்துளைகளையுடைய மெல்லிய பிளாத்திக்குத் திரை. எங்கும் ஊறி நிற்கும் ஒரு திரவம். மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் திரையின் துளைகளூடாக நீந்திச் சென்று காரீயத்தினுட் புகுகின்றன. கருவியைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன.

காரீயம் என்றதும் இலங்கையர்க்கு அயலான பொருளொன்று நினைவுக்கு வரவேண்டியதில்லை. பென்சிலின் நடுவே இருக்கும் அதே கரிப்பொருள்தான் அது. மாத்தளைக்கு அயலான குருநாகல் மாவட்டத்துக் காட்டகாவிலும், கேகாலை மாவட்டத்துப் போகலையிலும் பாறை வெடிப்புகளில் நரம்புபோல ஓடும் காரீயம் பல தலைமுறைகளாக வெட்டியெடுக்கப்பட்டு வருகிறது. நூற்றுக்கு 95 பங்குக்கு மேற்பட்ட தூய காபன் என்பது அதன் பெருமை. உருக்கிய உலோகத்தைத் தாங்கும் மூசைகள் செய்வதற்காக முதலாம் உலகப் போர்க் காலத்தில் அது பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. இன்று மின்கலங்களுக்கான காரீயத்தின் மிகப் பெரும்பங்கு சீன நாட்டிலேயே பக்குவப்படுத்தப்படுகிறது. எனினும், உலையின் வெம்மைக்கு அஞ்சாத அதே பொருள் கைத்தொலைபேசியின் மின்கலத்தில் இத்துணை எச்சரிக்கையோடு கையாளப்படவேண்டியிருப்பது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது.

காரீயத்தின் அமைப்பிலே விடை இருக்கிறது. அது காபன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட ஓர் அடுக்கு. மாத்தளை அலுவிகாரையில், கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது வரலாறு. அத்தகைய ஏட்டுச்சுவடி ஒன்றை மனத்திற் கொண்டால், காரீயத்தின் வடிவம் ஓரளவு புலப்படும். ஓலைகளுக்கிடையே மெல்லிய இதழைச் செருகுவதுபோல, காபன் தாள்களுக்கிடையே இலிதியம் அயன்கள் ஓரங்களினூடாகச் செருகிக்கொள்கின்றன. முழுவதும் நிறையும்போது 6 காபன் அணுக்களுக்கு ஓர் இலிதியம் என்ற விகிதத்தில் அவை அமர்கின்றன. காரீயமும் நூற்றுக்குப் பத்துப் பங்களவு பருக்கிறது.

சுவடியில் இதழைப் பொறுமையாகச் செருகினால் ஓலை கெடாது. அவசரத்திற் பல இதழ்களை ஒருங்கே திணித்தால் சில உள்ளே புகாமல் விளிம்பிலே தேங்கிவிடும். மின்கலத்திலும் இதுவே நிகழ்கிறது. மின்னோட்டம் மிகும்போது இலிதியம் அயன்கள் காரீயத்தின் வாயிலில் நெருக்கியடித்து நிற்கின்றன. உள்ளே புக வழியற்றவை வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடுகின்றன. அவ்வாறு படிந்த இலிதியத்தின் ஒரு பகுதி பின்னர் பயன்படுவதில்லை. மின்கலத்தின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. சில வேளைகளில் அது ஊசிபோல வளர்ந்து இடைத்திரையைத் துளைக்கவும் கூடும்.

இவ்விடத்தில் வியப்பான ஒன்றுண்டு. இந்த நெரிசல் குளிரிலேதான் அதிகம். குளிர்ந்த மின்கலத்தில் அயன்களின் நடை மந்தமாகிறது; ஆகவே உறைநிலைக்குக் கீழே இம்மின்கலங்களுக்கு மின்னேற்றக் கூடாதென்பது பொது விதி. மிதமான சூட்டில் அவை துரிதமாக நடந்து காரீயத்தினுள் இலகுவாகப் புகுகின்றன. எனவே விரைவு மின்னேற்றத்துக்குச் சிறிதளவு வெம்மை துணையே செய்கிறது. சூடேறிய கருவியைக் குளிர்பதனப் பெட்டியினுள் வைத்து மின்னேற்றுவோர் நன்மை செய்வதாக எண்ணி இரட்டைத் தீங்கு செய்கின்றனர். ஒன்று, மேற்கூறிய இலிதியப் படிவு. மற்றது, வெளியே எடுத்ததும் உள்ளே திரளும் நீர்த்துளி.

ஆனால் துணையாகிய வெம்மை பகையாக மாற நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பொதுவாக இம்மின்கலங்களை மின்னேற்றுவதற்கு மேலெல்லை 45 பாகை செல்சியஸ் எனக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேற்பட்டால், காரீயத்தின் மேல் இயல்பாகவே படிந்து அதனைக் காக்கும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகிறது. அப்படலம் வளர வளர இலிதியம் செலவாகிறது; மின்கலத்தின் தடையும் கூடுகிறது. தடை கூடினால், அடுத்த முறை மின்னேற்றும்போது சூடும் கூடுகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்துச் செல்லும் வட்டம் உண்டாகிறது. வெப்பநிலை 10 பாகை உயரும்தோறும் இத்தகைய இரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது இரசாயன அறிஞர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. இரண்டாண்டுப் பழக்கத்தின் பின் 'காலையில் ஏற்றினால் மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது' என்று பலர் குறைகூறுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் இதனைக் கருத்திற் கொண்டு, 800 முறை முழுமையாக மின்னேற்றிய பின்னரும் தொடக்கக் கொள்ளளவின் நூற்றுக்கு 80 பங்கேனும் எஞ்சியிருத்தல் வேண்டுமென்று 2025 யூன் முதல் விதித்திருக்கிறது.

கருவி செய்வோரும் வாளாவிருக்கவில்லை. மின்கலத்தின் அருகே வெப்பத்தை அளக்கும் சிறு உணரி ஒன்றை வைத்திருக்கின்றனர். சூடு எல்லையை அணுகினால் கருவி தானாகவே மின்னோட்டத்தைக் குறைக்கிறது, மிஞ்சினால் நிறுத்திவிடுகிறது. '120 வாற்று மின்னேற்றி' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தும் வெயிற் காலத்தில் அந்த வேகம் கிட்டாமைக்கு இதுவே காரணம். அது குறையன்று, காவல். மேலும், ஒரு பெரிய மின்கலத்தை இரு கூறாக்கி மின்னோட்டத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது ஒரு முறை. வோல்ற்று அளவை மாற்றும் வேலையின் பெரும்பகுதியைச் சுவரிற் செருகும் மின்னேற்றியிலேயே முடித்து, அதன் வெப்பத்தைக் கைக்கருவிக்கு வெளியே நிறுத்துவது மற்றொரு முறை. கம்பியில்லாத் தட்டில் வைத்து ஏற்றும் முறையிலோ சக்தியின் கணிசமான பங்கு வெப்பமாக வீணாகிறது. ஆதலால் அதிற் சூடு மிகுதி.

மின்னேற்றத்தின் வேகம் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே சீராக இருப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. வெறுங்குளத்துக்கு வாய்க்கால் மதகை முழுவதும் திறந்துவிடலாம். குளம் நிறையும் தறுவாயில் மதகைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தாவிட்டால் கரை உடையும். அதுபோலவே, முதற்பாதியில் முழு மின்னோட்டமும் செல்கிறது. மின்கலத்தின் வோல்ற்று அளவு உச்சத்தை அடைந்தபின் மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. ஆகவேதான் பாதி நிறைய அரை மணி நேரங்கூட ஆகாத கருவிக்குக் கடைசி ஐந்திலொரு பங்கு நிறைய நெடுநேரம் ஆகிறது. அவசரமுள்ளவர் அந்தக் கடைசிப் பங்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நூற்றுக்கு 80 வந்ததும் எடுத்துவிடுவது நேரத்துக்கும் மின்கலத்துக்கும் நலம்.

இனி வெடிக்கும் அச்சத்தைப் பற்றி. சாதாரண விரைவு மின்னேற்றத்தின் சூட்டினால் நல்ல மின்கலம் தீப்பற்றுவதில்லை. தீப்பற்றுவதற்கு மின்கலத்தினுள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட வேண்டும், அல்லது அது நசுங்கவோ அளவு கடந்து சூடேறவோ வேண்டும். ஏறத்தாழ 130 பாகையில் இடைத்திரை உருகுகிறது. இரு பக்கங்களும் தொட்டுக்கொண்டால் வெப்பம் வெப்பத்தை வளர்த்துக் கட்டுக்கடங்காமற் போகிறது. 2016ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனத்தின் கலக்சி நோட் 7 என்னும் கருவி உலகெங்கும் திருப்பி அழைக்கப்பட்டு, அவ்வாண்டு ஒக்ரோபரில் அதன் உற்பத்தியே நிறுத்தப்பட்டது யாவரும் அறிந்தது. அடுத்த ஆண்டு யனவரியில் வெளியான ஆய்வின்படி, குறைபாடு மின்கலத்தின் அமைப்பிலும் ஆக்கத்திலும் இருந்தது. ஒருவகை மின்கலத்தில் மூலையொன்று நெரிந்திருந்தது. மற்றொன்றில் ஒட்டுப்போட்ட இடத்திலே கூரான பிசிறுகள் இருந்தன. பெரிய நிறுவனத்திலேயே இவ்வாறு நேருமாயின், பெயரும் முகவரியும் இல்லாது சந்தையில் மலிவாக விற்கும் மின்கலங்களையும் மின்னேற்றிகளையும் எவ்வளவு எச்சரிக்கையோடு நோக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாத்தளை மாவட்டத்தின் தரைத்தோற்றமும் வாழ்க்கை முறையும் இவ்விடயத்தில் இரு வேறு நிலைமைகளை உண்டாக்குகின்றன. நக்கிள்ஸ் மலைச்சாரலில் றிவர்ஸ்டன் பக்கத்தார் குளிர்காற்றில் இருக்கிறார்கள். அங்கு கருவி இயல்பாகவே ஆறும். வடக்கே தம்புள்ளை, கலேவெல முதலிய வறண்ட பகுதிகளிலோ சித்திரை மாதத்து நண்பகலில் நிழலிலேயே 33, 34 பாகை வெப்பம் நிலவும். தொடக்கமே 34 என்றால் எல்லையாகிய 45க்கு எஞ்சியிருப்பது 11 பாகையே. காய்கறி ஏற்றிச் செல்லும் பாரவூர்தியின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கருவியை வைத்து மின்னேற்றுவோர் அந்த 11 பாகையையும் முன்னதாகவே செலவழித்துவிடுகிறார்கள். காய்கறியைச் சாக்கில் நெருக்கித் திணித்தால் அதன் சொந்த வெப்பமே அதனை அழுகச் செய்கிறது. துளையுள்ள பெட்டிகளில் அடுக்கினால் தப்புகிறது. சரக்குக்குச் செய்யும் இந்த உபகாரத்தை வண்டிக்காரர் தம் கருவிக்கும் செய்யலாம்.

தோட்டத்து லயன் வீடுகளின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. பகலிற் காய்ந்த தகரக் கூரையின் சூடு மாலையிலும் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே மின்செருகியிற் பல இணைப்புகள் பூட்டப்பட்டிருக்கும். வேலை முடிந்து களைத்து வந்தவர் கருவியை மின்னேற்றத்திற் போட்டுத் தலையணைக்கடியில் வைத்தபடியே உறங்கிவிடுவதும் உண்டு. பஞ்சுத் தலையணை மூடிய குவியல் போன்றது. வெப்பம் வெளியேற வழியில்லை. ஒரு வீட்டிற் தீப்பற்றினால் சுவரொன்றே இடையிலுள்ள அடுத்த வீடுகளுக்கும் அது தாவும். ஆகவே ஒருவரின் கவனக்குறைவு வரிசை முழுவதையும் பாதிக்கக்கூடும்.

செய்யவேண்டியவை எளியனவே. மின்னேற்றும்போது கருவியைச் சீமெந்துத் தரை, ஓட்டுத் தளம், மரமேசை போன்ற கடினமான இடத்தில், காற்றுப் படும்படி வைத்தல் வேண்டும். தடித்த உறை இருந்தால் கழற்றிவிடலாம். மின்னேற்றும் வேளையில் விளையாட்டும் திரைப்படமும் வேண்டாம். அவை உள்ளே வேறோர் அடுப்பை மூட்டுவனவாகும். கருவிக்குரிய மின்னேற்றியையும் கம்பியையுமே பயன்படுத்தல் நன்று. கை வைத்தெடுக்க முடியாதபடி சுட்டால் மின்னேற்றத்தை நிறுத்தி, நிழலிற் காற்றாட விடவேண்டும். முதுகுப்புறம் உப்பியிருந்தாலோ, இனிப்பு மணம் போன்ற புதுவாடை வீசினாலோ அக்கருவியை மீண்டும் மின்னேற்றலாகாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. திறமை வாய்ந்தவரிடம் கொடுத்து மின்கலத்தை மாற்றவேண்டும். கழித்த மின்கலத்தைக் குப்பையோடு சேர்த்து எரிப்பது பேராபத்து. அதனை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடமே ஒப்படைக்க வேண்டும்.

விரைவு மின்னேற்றத்தைக் கைவிடவேண்டும் என்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. மின்வெட்டுக் காலத்தில், புயற்காலத்தில், நோயாளியுடன் வைத்தியசாலைக்குப் புறப்படும் வேளையில் அதன் உதவி பெரிது. அவ்வாறான அவசரம் இல்லாத இரவுகளில் பழைய 5 வாற்று மின்னேற்றியே போதுமானது. அலுமாரியின் மூலையில் அத்தகைய மின்னேற்றி ஒன்று பல வீடுகளில் இன்னும் கிடக்கிறது. அதனை வெளியே எடுத்து இரவு நேரங்களிற் பயன்படுத்தினால், புது மின்கலம் வாங்கும் செலவு ஓராண்டேனும் தள்ளிப்போகலாம்.